டிராப் சி ட்யூனிங்குக்கு எந்த பிக்கப்? அவுட்புட் எண்ணை மட்டும் பார்த்து வாங்கலாமா?

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. அவரிடம் இருப்பது தொடக்க விலையில் கிடைக்கும் ஐபனெஸ் கிட்டார், இரண்டு ஹம்பக்கர், அதாவது கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் இரட்டைச் சுருள் பிக்கப், உள்ளது. ட்யூனிங்கை டிராப் சி வரை, அதாவது ஆறாம் கம்பி சி சுரத்தில் நிற்கும் வரை, இறக்கி மெட்டல் வாசிக்கிறார். வீட்டில் ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகக் கணினியில் ஆம்ப் மென்பொருள், வாரக் கடைசியில் பெரம்பூரில் வாடகைக்கு ஒரு ஜாமிங் அறை. குழுவில் டிரம்ஸோடு பறையும் உண்டு. "ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சுரக்கோவை) வாசித்தால் எல்லாம் குழைந்துபோகிறது, பறை ஏறினால் கிட்டார் காணாமல் போகிறது. அவுட்புட் மிக அதிகமான பிக்கப் எது அண்ணா, ஈஎம்ஜி 81-ஆ, இன்வேடரா, டிமார்ஸியோவா?" என்று கேட்கிறார்.

தம்பி, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளும் அவுட்புட் போதாமையால் வருபவை அல்ல. ஆறாம் கம்பியில் நீங்கள் அடிக்கும் ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், கிட்டாரின் நடு அலைவரிசை பறைக்கும் சிம்பலுக்கும் நடுவில் தன் இடத்தைப் பிடிக்க வேண்டும். இந்த இரண்டையும் செய்கிற பிக்கப்தான் உங்களுக்குக் கனமான ஒலியைத் தரும் பிக்கப். அவுட்புட் மட்டும் கூடி, கீழ்ப்பகுதி தளர்வாக இருக்கும் ஒன்றை மாட்டினால், இப்போதுள்ள குழைச்சல் இன்னும் உரக்கக் கேட்கும், அவ்வளவுதான்.

பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும். காந்தப்புலத்துக்குள் இரும்புக் கம்பி அதிரும்போது சுருளில் மின்னழுத்தம் தோன்றுகிறது. அதைக் கூட்ட இரண்டு வழிகள் உண்டு: காந்தத்தை வலுவாக்கலாம், அல்லது சுற்றுகளைக் கூட்டலாம். சுற்றுகளைக் கூட்டினால் சுருளின் தூண்டல், அதாவது இன்டக்டன்ஸ், ஏறத்தாழ சுற்றுகளின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். இன்டக்டன்ஸ் ஏறினால் பிக்கப்பும் கேபிளும் சேர்ந்து உருவாக்கும் ஒத்ததிர்வு முகடு கீழே இறங்கும். அந்த முகட்டுக்கு மேலே உள்ள ஒலி வேகமாக மங்கிவிடும். சுமார் 6 மீட்டர் கேபிளில் ஏறத்தாழ 600 பைக்கோஃபாரட் மின்தேக்கம் இருக்கும், சுருளினுடையதையும் சேர்த்து 700 என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பாணி மிதமான ஹம்பக்கரின் இன்டக்டன்ஸ் 4.5 ஹென்றி என்றால் முகடு 2,800 ஹெர்ட்ஸ் அருகில் நிற்கும். அதிகச் சுற்றுள்ள ஒன்றில் 8.5 ஹென்றி என்றால் அதே கேபிளில் அது 2,060 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். பிக் கம்பியில் படும் அந்த நொடியின் கூர்மை பெரும்பாலும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. சத்தத்துக்காகச் சுற்றிக்கொண்டே போனால் எதை இழக்கிறோம் என்பது இதில் தெரிந்துவிடும்.

இதனால்தான் அதிக அவுட்புட் பிக்கப்களில் பலவும் அல்னிகோவை (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த காந்தம்) விட்டு, வலுவான சீராமிக் காந்தத்துக்குப் போயின. காந்தம் பலமாக இருந்தால் சுற்றுகளை அளவுக்கு மீறி ஏற்றாமலே அழுத்தம் கிடைக்கும். சீராமிக் என்றாலே கரடுமுரடு, அல்னிகோ என்றாலே இனிமை என்று கடைகளில் சொல்வதை நான் முழுதாக ஏற்பதில்லை. காந்தம், சுற்று, கம்பியின் தடிமன், கிட்டார் கம்பிகளுக்கு நேர் கீழே உள்ள போல் திருகுகளின் உலோகம் எல்லாம் சேர்ந்துதான் ஒரு பிக்கப்பின் குணம் அமைகிறது. ஆனால் ஆறாம் கம்பி 65 ஹெர்ட்ஸ் சி-யில் நிற்கும் உங்கள் ட்யூனிங்குக்கு, நன்றாக வடிவமைத்த சீராமிக் பிக்கப் கீழ்ப்பகுதியை இறுக்கிப் பிடிக்கும் என்பது என் அனுபவத்தில் பெரும்பாலும் சரியாக வந்திருக்கிறது.

இந்த அவுட்புட் மோகம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கிப்ஸன் நிறுவனத்தில் சேத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர்தான் இந்தக் குடும்பத்தின் மூத்தது. அதன் மின்தடை பொதுவாக 7 முதல் 9 கிலோ ஓம் வரை. அக்கால வால்வு ஆம்ப்களில் இன்றுபோல் அடுக்கடுக்கான கெயின் (சிக்னலைப் பெருக்கும்) நிலைகள் கிடையாது. ஆம்பின் முதல் வால்வையே திணறடித்தால்தான் டிஸ்டார்ஷன், அதாவது மெட்டலுக்கு வேண்டிய கரகரப்பு, வரும், அதற்கு முன்னாலேயே வலுவான சிக்னல் வேண்டும். 1972-இல் வந்த டிமார்ஸியோவின் சூப்பர் டிஸ்டார்ஷன் அந்தத் தேவைக்காகவே சீராமிக் காந்தத்தோடு செய்யப்பட்டது, அதன் மின்தடை 13 கிலோ ஓமுக்கு மேல். இன்று உங்கள் கணினியில் இருக்கும் ஆம்ப் மென்பொருளில் கெயின் குமிழை முக்கால் பங்கு திருப்பினாலே அந்தக் காலத்தில் யாரும் கண்டிராத அளவு டிஸ்டார்ஷன் கிடைக்கும். பிக்கப் எவ்வளவு உரக்கக் கத்துகிறது என்பதன் முக்கியத்துவம் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது.

இதற்கு எதிர்முனையில் பிளாக் சப்பாத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி இருக்கிறார். பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பம் 1970-இல் வந்தது. அதில் அவர் வாசித்தது பி-90 வகை சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் உள்ள கிப்ஸன் எஸ்ஜி கிட்டார், ஆம்புக்கு முன்னால் மேல் ஒலியைக் கூட்டும் ஒரு ட்ரெபிள் பூஸ்டர். இன்றைய அளவுகோலில் அந்த பிக்கப்பின் அவுட்புட் மிதமானதுதான். மெட்டலுக்கே அடிக்கல் நாட்டிய ஒலி அப்படித்தான் பிறந்தது. மறுபக்கம் டெத் இசைக்குழுவின் சக் ஷுல்டினர் வைத்திருந்தது டிமார்ஸியோ எக்ஸ்2என், அந்த நிறுவனத்தின் மிக உரத்த பிக்கப்களில் ஒன்று. அவருடைய வாசிப்பில் ஒரு சுரம்கூடக் கலங்குவதில்லை. ஆக, அதிக அவுட்புட் தீங்கு என்று நான் சொல்லவில்லை. அந்தக் கைக்கும் அந்த ஆம்புக்கும் அது பொருந்தியது, வாங்கும்போது பார்க்க வேண்டியதும் அந்தப் பொருத்தத்தைத்தான்.

அடுத்தது மின்தடை எண். எல்லோரும் இதை வைத்துத்தான் அவுட்புட்டை ஒப்பிடுகிறார்கள், எனக்கு மிகவும் வருத்தம் தரும் பழக்கம் இது. பிக்கப் சுற்றுவதற்குப் பெரிதும் பயன்படும் 42 கேஜ் செம்புக் கம்பியின் விட்டம் சுமார் 0.063 மில்லிமீட்டர், 43 கேஜ் 0.056. மெல்லிய கம்பியில் அதே சுற்றுக்கே மின்தடை கூடுதலாக வரும். அதனால் 16 கிலோ ஓம் காட்டும் பிக்கப்பில் 8 கிலோ ஓம் பிக்கப்பைப் போல இரு மடங்கு சுற்று இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. காந்தத்தைப் பற்றி அந்த எண் எதுவுமே சொல்வதில்லை. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.39 விழுக்காடு ஏறும் என்பதும் உண்டு. 20 டிகிரியில் 16.4 கிலோ ஓம் காட்டும் ஒரு பிக்கப்பை, மே மாதப் பகலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழே 40 டிகிரியில் மல்டிமீட்டரால் அளந்தால் ஏறத்தாழ 17.7 காட்டும். கிட்டாரைத் திறக்காமல் ஜாக் வழியாக அளந்தால் 500 கே (கிலோ ஓம்) வால்யூம் பாட்டும், அதாவது குமிழின் அடியில் உள்ள மாறும் மின்தடையும், இணையாகச் சேர்ந்து எண்ணைக் கொஞ்சம் குறைத்துக் காட்டும். ரிச்சி தெருவில் வாங்கிய மீட்டரை வைத்து அளந்துவிட்டு "போலியை விற்றுவிட்டார்கள்" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

போலி என்றதும் நினைவுக்கு வருகிறது. ஈஎம்ஜி பெயர் பொறித்த போலிகள் நிறையவே புழக்கத்தில் உள்ளன. ஈஎம்ஜி 81 ஆக்டிவ் பிக்கப், உள்ளேயே ப்ரீஆம்ப் (சிறு பெருக்கி) உண்டு, 9 வோல்ட் பேட்டரி இல்லாமல் வேலை செய்யாது. 81 என்று சொல்லி விற்பது பேட்டரி இல்லாமலே சத்தம் தந்தால் அது 81 அல்ல. ஈஎம்ஜி எச்இசட் என்ற பேட்டரி வேண்டாத வரிசையும் அதே நிறுவனத்தின் உண்மையான தயாரிப்புதான், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆக்டிவ் வேண்டுமா, பாசிவ் போதுமா என்பதுதான் உங்கள் கேள்வியின் உண்மையான முடிச்சு. ஈஎம்ஜி 81-இன் சுருளில் சுற்றுகள் குறைவு, அதன் சின்ன சிக்னலை ப்ரீஆம்ப் பெருக்கி, குறைந்த இம்பிடன்ஸில் (மாறுமின்னோட்டத்துக்கான எதிர்ப்பில்) வெளியே அனுப்புகிறது. அதனால் கேபிள் நீளம் ஒலியைத் தின்பதில்லை, அடியின் தொடக்கம் கத்தியால் வெட்டினாற்போல் நிற்கிறது, இரைச்சலும் மிகக் குறைவு. மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் பல ஆண்டுகள் ப்ரிட்ஜ் (உடலில் கம்பிகள் முடியும் இடம்) பக்கம் 81-ஐயும் நெக் (கழுத்து) பக்கம் ஈஎம்ஜி 60-ஐயும் வைத்திருந்ததற்குக் காரணங்களைத் தேட வேண்டியதில்லை. ஆனால் மென்மையாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒலியின் நிறம் அதிகம் மாறாது. இதைச் சிலர் குறை என்பார்கள், வேகமான ரிஃப் வாசிப்பவர்கள் வரம் என்பார்கள். மாட்டும்போது வால்யூம், டோன் பாட்களை 25 கே மதிப்புக்கு மாற்ற வேண்டும். ஏற்கனவே உள்ள 500 கே பாட்டிலேயே விட்டால் வால்யூம் குமிழ் சுவிட்சைப் போலத் திடீரென்று வேலை செய்யும். ஒரு பிக்கப்பை மட்டும் ஆக்டிவாக்கி, பழைய பாசிவ் நெக் பிக்கப்பை அந்த 25 கே பாட்டிலேயே இணைத்தால் நெக் பிக்கப்பின் மேல் ஒலி செத்துவிடும். ஆக ஆக்டிவ் என்றால் இரண்டையும் மாற்றுவதாகவே கணக்கிடுங்கள். கேபிள் செருகியிருக்கும்வரை பேட்டரி கரையும், வாசித்து முடித்ததும் கேபிளை உருவிவிடும் பழக்கம் வேண்டும். உருவி வைத்தால் 81 ஒன்றுக்கு நிறுவனம் சொல்லும் ஆயுள் சுமார் 3,000 மணி நேரம்.

ஆக்டிவுக்கு ஆதரவாக நம் பகுதிக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. வடசென்னையின் பழைய வீடுகளிலும் வரிசை வீடுகளிலும் மூன்று துளை பிளக் இருக்கும், எர்த் துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. பக்கத்தில் எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், மின்வெட்டு வந்தால் சதுர அலை இன்வெர்ட்டர். ஹம்பக்கரின் இரண்டு சுருள்களும் காந்தப்புலமாக வரும் 50 ஹெர்ட்ஸ் ஓசையைத்தான் ஒன்றுக்கொன்று அடித்துக்கொள்ளும், ரெகுலேட்டரிலிருந்து மின்புலமாக வரும் கிரகிர ஓசையை அவை தடுப்பதில்லை. ஹை கெயின் டிஸ்டார்ஷன் அந்த ஓசையையும் சேர்த்தே பெருக்கும். கிட்டாரின் உட்குழியில் செப்புத் தாள் ஒட்டி, அதை கிரவுண்டில் சேர்த்தால் பாசிவ் பிக்கப்பிலும் இது பெருமளவு அடங்கும். இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று: கம்பியைத் தொடும்போது விரலில் சுருக்கென்று மின்சாரம் தட்டினாலோ, பாடும்போது மைக்கில் உதடு பட்டால் அதிர்ந்தாலோ அது பிக்கப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை. வாசிப்பை அங்கேயே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த்தைச் சரிசெய்யுங்கள். ஈஎம்ஜி மாட்டும்போது ப்ரிட்ஜிலிருந்து வரும் கிரவுண்ட் கம்பியை எடுத்துவிடலாம் என்று அந்த நிறுவனமே சொல்கிறது, ஆனால் அது நல்ல எர்த்துக்கு மாற்றாகாது.

இனி பறை. பறையில் மெல்லிய குச்சியின் அடி மேல் நடு அலைவரிசையில் கூர்மையாக வெடிக்கும், தடித்த குச்சி கீழே நிரப்பும். இப்படிப்பட்ட குழுவில் கிட்டாருக்குக் கிடைக்கும் இடம் நடுப்பகுதிதான், அதையே ஈக்யூவில் (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களில்) வழித்தெடுத்துவிட்டுத் தனியாக வீட்டில் கேட்டால் பிரமாதமாக இருக்கும், ஜாமிங் அறையில் பறை ஏறியதும் கிட்டார் மறைந்துவிடும். பறையும் சட்டியும் கிட்டாரும் ஒரே மேடையில் கேட்கத் தொடங்கிவிட்ட இந்த ஊரில், நடுப்பகுதி வலுவாக உள்ள பிக்கப்பைத் தேர்வு செய்வது கனத்தைக் குறைப்பது ஆகாது. அடிவயிற்றில் இறங்கும் கனத்தை பேஸ் கிட்டாரும் பெரிய டிரம்மும் பார்த்துக்கொள்ளும்.

இந்தக் கண்ணோட்டத்தில் நீங்கள் கேட்ட பிக்கப்களைப் பார்ப்போம். செய்மர் டங்கனின் இன்வேடரில் மூன்று சீராமிக் காந்தங்கள், பெரிய தலை கொண்ட போல் திருகுகள், மின்தடை 16.8 கிலோ ஓம். அதன் கீழ்ப்பகுதி அகலமானது. சாதாரண ட்யூனிங்கில், ஒலி மெலிந்த கிட்டாரில் அது அற்புதம், டிராப் சி-யில் நீங்கள் சொல்லும் குழைச்சலை அது கூட்டும் என்பது என் கருத்து. அதே நிறுவனத்தின் டிஸ்டார்ஷன் என்ற பிக்கப், எஸ்எச்-6, மின்தடையில் கிட்டத்தட்ட அதே இடத்தில் 16.6 என்று நிற்கிறது, ஆனால் நடுப்பகுதி முன்னால் வந்து கீழ்ப்பகுதி கட்டுக்குள் நிற்கும். ஒரே எண், இரு வேறு குணம் என்பதற்கு இந்த இரண்டைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. ஜேபி, அதாவது எஸ்எச்-4, அல்னிகோ 5, 16.4 கிலோ ஓம். லீட் வாசிப்புக்கு அருமை, ஆனால் இறக்கிய ட்யூனிங்கில் கீழ்ப்பகுதி கொஞ்சம் தளரும். டிமார்ஸியோவில் சூப்பர் டிஸ்டார்ஷன் தடித்த நடுவும் தடித்த அடியும் உடையது, பழைய ஹெவி மெட்டலுக்கு இன்றும் அழகு. டி ஆக்டிவேட்டர் பேட்டரி இல்லாமலே ஆக்டிவ் பிக்கப்பின் இறுக்கத்தை நோக்கி வடிவமைக்கப்பட்டது, உங்கள் தேவைக்கு சூப்பர் டிஸ்டார்ஷனைவிட அதுவே நெருக்கம். ஃபிஷ்மன் ஃப்ளூயன்ஸும் நல்ல பிக்கப்தான், இரண்டு குரல்களை ஒன்றிலேயே தரும், ஆனால் இந்த கிட்டாரின் விலைக்கு அது அதிகம்.

ஆனால் பணத்தை எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவை சில உண்டு, இவற்றுக்கு ஒரு செட் கம்பியும் திருப்புளியும் போதும். கடையிலிருந்து வந்த 9-42 கம்பிகளையே டிராப் சி-க்கு இறக்கியிருந்தால், ஓங்கி அடிக்கும்போது ஆறாம் கம்பி சுருதி ஏறி இறங்கும், அந்தக் குழைச்சலை எந்த பிக்கப்பும் தீர்க்காது. 11-54 போட்டு, நெக்கின் வளைவையும் இன்டொனேஷனையும் (ஃபிரெட்டுதோறும் சுருதி சரியாக நிற்பதை) சரிசெய்யுங்கள். தடித்த கம்பி நட்டின் (கழுத்தின் நுனியில் கம்பிகள் படியும் துண்டின்) பள்ளத்தில் சரியாக உட்காராவிட்டால் பள்ளத்தைக் கொஞ்சம் அரத்தால் தேய்க்க வேண்டியிருக்கும். பிறகு ஆறாம் கம்பியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்து, கம்பியின் அடிக்கும் பிக்கப்புக்கும் இடையில் 2 முதல் 2.5 மில்லிமீட்டர், முதல் கம்பிப் பக்கம் 1.5 மில்லிமீட்டர் இருக்குமாறு பிக்கப்பின் உயரத்தை அமையுங்கள். கம்பியோடு ஒட்டி உயர்த்தி வைத்தால் சத்தம் கூடும், ஆனால் கீழ்ப்பகுதி பொங்கும், காந்தம் கம்பியை இழுத்து நாதத்தையும் கெடுக்கும். கால் திருகல் இறக்கி, அதே ரிஃபை வாசித்துக் கேட்டு, மறுபடி கால் திருகல் இறக்குங்கள். அடிக்கு அடி இடைவெளி தெரியத் தொடங்கும் இடம் ஒன்று கட்டாயம் வரும்.

இன்டர்ஃபேஸில் நீங்கள் மிக ஓங்கி அடிக்கும்போதும் சிவப்பு விளக்கு எரியக் கூடாது. அதிக அவுட்புட் பிக்கப் இங்கே உதவி செய்வதற்குப் பதிலாகத் தொல்லை தரும், ஏனென்றால் உள்ளீட்டிலேயே வெட்டுப்பட்ட ஒலியை எந்த ஆம்ப் மென்பொருளும் சரிசெய்யாது. மென்பொருளில் ஆம்புக்கு முன்னால் ஒரு ட்யூப் ஸ்க்ரீமர் வகைப் பெடலை வைத்து, டிரைவை அடியோடு குறைத்து, லெவலை ஏற்றுங்கள். அந்தச் சுற்று சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே படிப்படியாகக் கெயினைக் குறைப்பதால் ஆறாம் கம்பி உடனே இறுகும். பிறகு ஆம்பின் கெயினைக் கொஞ்சம் இறக்குங்கள், ரிஃபின் கனம் குறையாது, கூடும்.

இவற்றையெல்லாம் செய்த பிறகும் மாற்றத் தோன்றினால், என் தேர்வு ப்ரிட்ஜில் எஸ்எச்-6. கிடைக்காவிட்டால் டி ஆக்டிவேட்டர். உங்கள் ப்ரிட்ஜில் முதல் கம்பிக்கும் ஆறாம் கம்பிக்கும் இடையிலான அகலத்தை பிக்கப்புக்கு மேலே அளந்துகொள்ளுங்கள். 52 மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் டங்கனில் டிரெம்பக்கர் எனப்படும் டிபி-6, டிமார்ஸியோவில் எஃப் ஸ்பேஸ் என்று கேட்டு வாங்க வேண்டும். வீட்டில் எர்த்தைச் சரிசெய்து செப்புத் தாளும் ஒட்டிய பிறகும் இரைச்சல் தாங்கவில்லை, வாசிப்பதும் மெட்டல் மட்டுமே என்றால், ஈஎம்ஜி 81-ஐயும் 85-ஐயும் ஒரு ஜோடியாகப் போடுங்கள், 25 கே பாட்களோடு. பாசிவ் பிக்கப்தான் போடுகிறீர்கள் என்றால் நெக் பிக்கப்பை இப்போதைக்கு மாற்ற வேண்டாம்.

சால்டரிங்கில் ஒன்றைக் கவனியுங்கள், கம்பிகளின் நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டங்கனில் கறுப்பு ஹாட் (சிக்னல் வரும் கம்பி), பச்சை கிரவுண்ட், சிவப்பும் வெள்ளையும் ஒன்றாகச் சேர்த்து மூடப்பட வேண்டும். டிமார்ஸியோவில் சிவப்பு ஹாட், பச்சை கிரவுண்ட், கறுப்பும் வெள்ளையும் ஒன்றாக. மாட்டி முடித்ததும் இரு பிக்கப்பையும் சேர்த்து ஒலிக்கவிடுங்கள். தனித்தனியாக நன்றாக ஒலித்து, சேரும்போது மட்டும் மூக்கால் பேசுவதுபோல் மெலிந்தால் இரண்டும் எதிர் ஃபேஸில், அதாவது ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் நிலையில், உள்ளன. புதிய பிக்கப்பின் ஹாட், கிரவுண்ட் கம்பிகளை இடம் மாற்றிச் சால்டர் செய்யுங்கள், காப்பற்ற உறைக்கம்பி மட்டும் எப்போதும் கிரவுண்டிலேயே இருக்கட்டும். காசிமேடு, ராயபுரம் பக்கம் கடற்காற்றில் போல் திருகுகளும் ஜாக்கின் உட்தகடும் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால், கிட்டாரைத் திறக்கும் அதே நாளில் ஜாக்கையும் சேர்த்தே புதிதாகப் போட்டுவிடுங்கள்.